முதலில் அளவு, அப்புறம் நடை: டெல்டாவில் உடம்பையும் மனசையும் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு

இது யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர். நாற்பதை நெருங்குகிறார் அல்லது தாண்டிவிட்டார். "கொஞ்சம் உடம்பைப் பாருங்க" என்று டாக்டரோ வீட்டிலோ சொல்லியாகிவிட்டது. எங்கே தொடங்குவதென்று பிடிபடவில்லை. அவருக்கு.

நான் பாபநாசம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருக்கிற வேலை. சுகர் வந்ததும் எல்லாரையும் போல நானும் ஒரு சுற்று அலைந்தேன். டவுனில் ஒரு லேபில் 'முழு உடல் பரிசோதனை' என்று இரண்டு பக்கத்துக்கு டெஸ்ட் பெயர்களைக் கொடுத்தார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. செல்போனில் வருகிற அறிவுரையெல்லாம் ஓட்ஸ், ஜிம், காலை ஐந்து மணிக்கு பார்க் என்று போகிறது. எங்கள் ஊரில் பார்க் கிடையாது. ஐந்து மணிக்கு வெளியே இறங்கினால் நாய் துரத்தும். அறுவடை வந்தால் எந்தப் பழக்கமானாலும் அடித்துக்கொண்டு போய்விடும். நம்ம ஊர் வெயில், அடைமழை, அறுப்பு, கோயில் நடை சாத்தும் நேரம் இவற்றுக்கெல்லாம் இடம் விட்டுப் போட்ட ஒழுங்குதான் நிலைக்கிறது. கீழே இருப்பது அப்படி நிலைத்தவை.

ஏற்கெனவே மாத்திரை, இன்சுலின், இதய மருந்து எடுப்பவர்கள் நடையையும் சாப்பாட்டையும் மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அளவு குறைந்துவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

1. செருப்புக் கடைக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையம்

எல்லாரும் முதலில் ஷூ வாங்குகிறார்கள். முதலில் வேண்டியது உங்கள் அளவுகள். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பிரஷரும் சுகரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆதார் அட்டை, கையில் செல்போன், இரண்டும் போதும். காலையில் சீக்கிரம் போங்கள். எங்கள் பக்கம் திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. புதன், வியாழன் என்றால் நர்ஸுக்கும் பேச நேரம் இருக்கும்.

வெறும் வயிற்று சுகர் என்றால் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். இங்கேதான் நம்ம ஊர்க்காரர் மாட்டிக்கொள்வார்: விடிந்ததும் அரை டம்ளர் டிகிரி காபி தொண்டையில் இறங்காமல் அவருக்குக் கண் திறக்காது. "காபி மட்டும்தான் சார் குடிச்சேன்" என்றால் அன்றைய பரிசோதனை வீண். சாப்பிட்ட பின் எடுக்கும் சுகருக்கு, முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுவார்கள் பலர்; அது தப்பு.

வெறும் வயிற்றில் 100 மி.கி.க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, கவனிக்க வேண்டிய நேரம். 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்க் கணக்கில் வரும். இன்னொரு நாளும் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். எச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. 5.7-க்குக் கீழே சரி, 6.5-லிருந்து சர்க்கரை நோய். பரிசோதனைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் சோற்றை விட்டுவிட்டுப் போகிற கெட்டிக்காரத்தனம் இதில் செல்லாது.

பிரஷர் 140/90-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு தடவை கூடுதலாகக் காட்டியதும் பயந்துவிடாதீர்கள். வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வியர்க்க விறுவிறுக்க நேரே கையை நீட்டினால் அது ஏறித்தான் காட்டும். எங்கள் நர்ஸம்மா எல்லாரிடமும் ஒரே பாட்டுத்தான்: "அண்ணே, அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காருங்க. காலு மேல காலு போடாதீங்க. பேசாதீங்க." அந்த அம்மா சொல்வது அச்சு அசல் சரி. அரை மணிக்குள் காபி, பீடி கூடாது. ஒன்றுக்கு வந்தால் போய்விட்டு வந்து உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும்.

அடுத்து இடுப்பளவு. தையற்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இருபது ரூபாய்க்குள் வரும். வேட்டி கட்டுகிற இடத்தில் அளந்தால் எல்லாரும் ஒல்லிதான்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நமக்கான எல்லை. எடையை விட இந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

சுகரோ பிரஷரோ உறுதியாகிவிட்டால் மாத்திரையும் அங்கேயே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் யார் என்று நர்ஸிடம் கேட்டு, அவர் நம்பரை அன்றைக்கே செல்லில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் பிரஷர் மிஷின் வேண்டுமென்றால் மேற்கையில் கட்டுவதாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய் ஆகும். சுகர் மிஷினைப் பொறுத்தவரை மிஷின் விலை செலவே இல்லை, ஸ்ட்ரிப்தான் செலவு. ஒன்று இருபது ரூபாய்க்குப் பக்கம் வரும். வாங்கும்போது ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதி தேதி பாருங்கள். மிஷின் மலிவு என்று வாங்கிவிட்டு அதற்குரிய ஸ்ட்ரிப் நம்ம ஊர் மெடிக்கலில் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. ஸ்ட்ரிப் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு மிஷினை வாங்குங்கள்.

2. ஒரு ஃபைல்

ஐம்பது ரூபாய் ஃபைல் ஒன்று. பழைய மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாம் தேதி வரிசையில், புதியது மேலே. ஆதார், ஸ்மார்ட் கார்டு நகல்கள் இரண்டிரண்டு. முதல் பக்கத்தில் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில்: ரத்த வகை, எடுக்கும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டில் கூப்பிட வேண்டிய நம்பர். இந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மயங்கி விழுந்தால் யாருக்கும் உபயோகமில்லை.

லேப் ரிப்போர்ட் சில வருஷத்தில் எழுத்து அழிந்து வெள்ளையாகிவிடும், முக்கியமாக வழவழப்பான தாளில் வரும் இ.சி.ஜி. அதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள்.

3. காப்பீட்டு அட்டை: நன்றாக இருக்கும்போதே

உடற்பயிற்சிக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிய கவலை ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அந்தக் கவலையைப் பாதியாகக் குறைக்கிற காகிதம் இது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பிரீமியம் நீங்கள் கட்ட வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதார், இந்த மூன்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். ஆதாரோடு இணைந்த செல் நம்பர் கையில் இல்லாவிட்டால் ஓ.டி.பி. வராது, அன்றைக்கு நடந்த நடை வீண். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று படியேறி வருவதால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஜமாபந்தி, நிவாரணக் கணக்கெடுப்பு நேரமென்றால் இன்னும் இழுக்கும்.

கும்பகோணம், பாபநாசம்காரர்கள் இதற்காகத் தஞ்சாவூர் போய்வர ஒரு பகல் போய்விடும். அதனால் ஸ்மார்ட் கார்டிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்றில் 'கலியபெருமாள்', இன்னொன்றில் 'களியபெருமாள்' என்றிருந்தால் முதலில் அதைத் திருத்தியாக வேண்டும்.

பெரும்பாலும் இது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இந்த அட்டையை நீட்டிச் சண்டை போடாதீர்கள்.

4. நடை

கணக்கு எளிது. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான வேக நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். வேகம் சரியா என்று பார்க்க மிஷின் வேண்டாம்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் போய்விட்டு மூன்றாம் நாள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனையோ பேர்.

அரை மணி ஒரேயடியாகக் கிடைக்காதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம். சுகர் உள்ளவர்களுக்கு இது இன்னும் நல்லது. சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்ளும். கடைக்காரர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது. மத்தியானம் சாப்பிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடை வரிசையின் தாழ்வார நிழலிலேயே நாலு முறை போய் வந்தால் ஆயிற்று.

எங்கே நடப்பது? திருவாரூரில் கமலாலயத்தைச் சுற்றலாம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி (வேலி என்பது பழைய நில அளவு) என்று சொல்கிற ஊரில் நடக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மன்னார்குடியில் ஹரித்ரா நதிக் கரை. கும்பகோணத்தில் மகாமகக் குளம். ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் ஆட்டோக்களுக்கு நடுவே நடை இல்லை, தற்காப்புதான். தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி சிவகங்கைப் பூங்கா, அல்லது கல்லணைக் கால்வாய்க் கரை. நாகப்பட்டினத்தில் கடற்கரை, மணலில் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், முதல் மாதம் ஈர மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 'நடப்போம் நலம் பெறுவோம்' தொடங்கினார்கள். உங்கள் மாவட்டத்தில் அந்தப் பாதை எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்காரர்களுக்கு மெயின் ரோடு வேண்டாம். ஊரிலிருந்து பிரிகிற வாய்க்கால் ரோடு உத்தமம்.

நேரத்தைப் பருவத்துக்குத் தக்கபடி மாற்றுங்கள். நம்ம ஊரில் பழக்கம் அறுபடுவது இதைச் செய்யாததால்தான். சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ரோடு கிடைக்காது. பெரிய கோயில்களில் கூரை போட்ட பிரகாரம் இருக்கிறது, உள்ளே நடக்கலாம். பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டுக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கும், அதைப் பார்த்துப் போங்கள். மார்கழியில் கோயில் விடியுமுன்பே திறந்துவிடும், ஆனால் பனிமூட்டத்தில் லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது. வெள்ளைச் சட்டையோடு, வண்டிகள் உங்களுக்கு எதிரே வரும் பக்கமாக நடங்கள். தை, மாசியில் ரோட்டில் பாதி நெல் காயும், மீதியில் அறுவடை மிஷின் வரும்.

காலில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றாதீர்கள், அதுவும் வெயில் ஏறிய கருங்கல்லில். சுட்டதே தெரியாது; சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். வேண்டுதல் என்றால் அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். தினம் ராத்திரி உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

பாம்பு. டெல்டாவைப் பற்றி எழுதிவிட்டு இதை விட முடியாது. அறுப்பு முடிந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. விடிவதற்கு முன்னோ இருட்டிய பின்னோ நடந்தால் டார்ச்சும் மூடிய செருப்பும் கட்டாயம், வரப்பில் வேண்டவே வேண்டாம். கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வேர் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய் கடித்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை பொட்டலமாக வைத்திருங்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பசி பிடுங்கினால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். கடலை மிட்டாய் வைத்திருப்பார்கள் சிலர். அதிலுள்ள எண்ணெய்ச் சத்தால் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும், அவசரத்துக்கு ஆகாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ நின்றுவிடுங்கள்; வாயுப்பிடிப்பு என்று சோடா குடிக்கப் போகாமல் 108.

வயலில் வேலை செய்பவர்களுக்குத் தனி நடை தேவையா என்று என் கடையில் அடிக்கடி கேட்பார்கள். நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்ட பெண்ணுக்கு இன்னும் அரை மணி நட என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது முதுகை நிமிர்த்துவது: சுவரில் முதுகு, பின்தலை, குதிகால் ஒட்ட நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி இறக்குவது, ராத்திரி படுக்கும் முன் மெதுவாகப் பத்துத் தடவை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். முழங்கால் வலி இல்லாதவர்கள் பிள்ளையார் முன்னால் ஐந்து தோப்புக்கரணத்தில் தொடங்கலாம். பிள்ளையாருக்கும் ஆயிற்று, தொடைக்கும் ஆயிற்று.

5. சாப்பாட்டை மளிகைச் சீட்டில் பாருங்கள்

தட்டில் அளந்து சாப்பிடுவது நம்ம வீடுகளில் நடக்காத காரியம். "என்ன இது, கோழிக்குப் போடற மாதிரி" என்று அப்பாயி அடுத்த கரண்டியைப் போட்டுவிடுவார். அதனால் சமைக்கும் இடத்தில் விட்டுவிட்டு, வாங்கும் இடத்தில் பிடியுங்கள்.

உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும்போது மேலே தேதி எழுதிவிடுங்கள், எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். மாதம் முடிவதற்குள் தீர்ந்தால், பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டாம். இதில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு சேரவில்லை, அதெல்லாம் தனிக் கணக்கு. பழைய சோற்றுக்கு உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், கூட மோர்மிளகாய் என்று மூன்று உப்பு ஒரே வேளையில் போகிறது. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இந்துப்பு, கல் உப்பு என்றால் தாராளமாகப் போடலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எந்த உப்பானாலும் சோடியம் சோடியம்தான்.

எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேருக்கு இரண்டு லிட்டர். விசேஷ மாதங்களில் மீறத்தான் செய்யும். அடுத்த மாதம் பிடித்தால் போதும்.

சர்க்கரைதான் கண்ணுக்குத் தெரியாமல் போவது. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு நாலு காபி: எட்டு ஸ்பூன், 35 கிராமைத் தாண்டிவிடும். 25 கிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபியை விடச் சொல்ல நான் யார்! எண்ணிக்கையை இரண்டாக்குங்கள், ஸ்பூனை ஒன்றாக்குங்கள். டீக்கடையில் "சக்கர கம்மி" என்றால் மாஸ்டர் காதில் விழாது. "சக்கர இல்லாம" என்று சொல்லி, வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாம் சுகர்காரருக்குச் சர்க்கரைதான்.

சோறு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி என்று பாரம்பரிய ரகங்கள் திரும்ப வந்திருக்கின்றன, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன் போன்றவர்கள் உழைப்பால். பட்டை தீட்டாத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், நல்ல விஷயம். அதற்காக "இது சுகரை ஏத்தாது" என்று சொல்லி மூன்று தட்டுச் சாப்பிட்டால் ஏறத்தான் ஏறும். கிலோவுக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கும் முன், இப்போதைய புழுங்கலரிசிச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை. வாழையிலையில் காய்கறிக்கு மேல்பாதி, சோற்றுக்குக் கீழ்பாதி என்று பந்தியில் பரிமாறுகிறோமே, வீட்டிலும் அந்தப் பங்கு இருந்தால் சரி. திருவையாறு பக்கம் வாழைத்தண்டும் வாழைப்பூவும் கிடைக்கிற விலைக்கு டவுன்காரன் ஏங்குகிறான்.

6. தூக்கமும் வெற்றிலையும்

ஏழு மணி நேரம் தூக்கம். ராத்திரிச் சாப்பாடு எட்டுக்குள். சீரியல் முடிந்து பத்தரைக்குச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். வயல் ஓரத்து வீடுகளில் தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள், கொசுவுக்கு மட்டுமல்ல, கட்டுவிரியனுக்கும்.

வெற்றிலையில் குற்றமில்லை. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை யார் வேண்டாம் என்பார்? "புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்கிறார்களே, அதுதான் பொறி. பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்பது உறுதியான விஷயம். வாய் முன்பு போல அகலமாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் அடுத்த வாரம் என்று தள்ளாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

7. காலண்டர் தாள்

உடம்புக்கு இவ்வளவு சொன்னேன். மனசுக்கு ஒரே ஒரு வேலைதான், ஆனால் எனக்கு இதுதான் அதிகம் உதவியது.

டைரி வாங்காதீர்கள். ஜனவரி முதல் வாரம் எழுதி நிறுத்திய டைரிகள் எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கின்றன. தினசரி காலண்டர் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது, ஜவுளிக்கடையோ நகைக்கடையோ சும்மா கொடுத்தது. காலையில் கிழிக்கிற நேற்றைய தாளின் பின்பக்கம் எழுதுங்கள். உள்ளங்கை அளவுத் தாள், நாலைந்து வரிக்கு மேல் இடமில்லை, அதுவே வசதி. சில காலண்டரில் பின்பக்கமும் ராசிபலன் அச்சடித்திருப்பார்கள். வாங்கும்போதே வெற்றுத் தாளாகப் பார்த்துக் கேளுங்கள். எழுதியதைக் கடைகளில் பில் குத்தி வைப்போமே, அந்தக் கம்பியில் குத்திவிடுங்கள். கம்பி முப்பது ரூபாய். தேதி ஏற்கெனவே அச்சில் இருக்கிறது, வரிசையும் தானாக வந்துவிடும்.

என்ன எழுதுவது? நான் எழுதுவது இவ்வளவுதான்: நேற்று உடம்பு எப்படி (நடை உண்டா, தூக்கம் எப்படி, பிரஷர் பார்த்திருந்தால் எண்). எதற்குக் கோபமோ வருத்தமோ வந்தது. யாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். கடைசிக் கேள்விக்குப் பல நாள் பதில் இருக்காது, விட்டுவிடலாம். காலையில் எழுதுவது நல்லது. ராத்திரி எழுதினால் கோபம் சூடாக இருக்கும், எழுதி முடித்துத் தூக்கமும் போகும். விடிந்து பார்த்தால் பாதி விஷயம் எழுதவே தகுதியில்லாமல் இருக்கும்.

இடம் எதுவானாலும் சரி. ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் காவிரி, குடமுருட்டி, வெட்டாற்றுப் படித்துறையில் பத்து நிமிஷம் உட்காரலாம். இல்லாவிட்டால் திண்ணை. செல்போன் வீட்டுக்குள் இருக்கட்டும்.

இரண்டு தொல்லை வரும். ஒன்று, கொஞ்ச நாளில் அது வரவு செலவுக் கணக்காக மாறிவிடும்: 'சம்பா விதை பாக்கி, கீழத்தெரு 2,400' என்று. கணக்குக்கு வேறு நோட்டு வையுங்கள். மற்றது, வீட்டில் யாராவது எடுத்துப் படிப்பார்கள். மருமகள் மாமியாரைப் பற்றி எழுதிய தாள் மாமியார் கண்ணில் பட்டுவிட்டால் மனநிம்மதிக்கு எழுதியது வேறு வழியில் போய்விடும். வேண்டாததைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். எழுதியதில்தான் பலன், வைத்திருப்பதில் இல்லை.

அமாவாசையன்று அந்த மாதத் தாள்களைக் கம்பியிலிருந்து உருவி ஒரு தடவை படியுங்கள். வெங்காயம் சேர்க்காத அந்த நாள் எப்படியும் நினைவிருக்கும் என்பதால்தான் அமாவாசை, வேறு காரணமில்லை. 'முதுகுவலி' பல தாளில் வந்தால் அது டாக்டரிடம் போகிற விஷயம். ஒரே ஆள் பெயர் பல தாளில் வந்தால் அவரோடு பேச வேண்டிய விஷயம். எனக்கு அப்படி ஒரு பங்காளியின் பெயர் வந்துகொண்டே இருந்தது. வரப்புத் தகராறு, என் அப்பா காலத்தது. போய்ப் பேசினேன். தகராறு தீரவில்லை, ஆனால் அதற்கப்புறம் தாளில் அவர் பெயர் குறைந்துவிட்டது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் காலண்டர் தாள் போதாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலும் மனநல டாக்டர் இருக்கிறார். பயிர் போன வருஷத்திலும் கடன் கழுத்தை நெரிக்கும் மாதத்திலும் இந்த நம்பரைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்து வையுங்கள்.

8. பழக்கம் அறுபடும் மாதங்கள்

ஜூன் 12-ல் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறந்தால் எங்கள் கடையில் மூச்சு விட நேரமிருக்காது. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பு. தை, மாசியில் சம்பா அறுப்பு. நெல்லை டி.பி.சி.யில் (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்) கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கும் வரை காவல் படுப்பவரிடம் நடையும் தூக்கமும் பேச முடியாது.

இந்த நாட்களுக்குத் தனியாக ஒரு சின்ன ஒழுங்கு வையுங்கள். மாத்திரை தவறக் கூடாது. ஒரு வார மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டுத் துண்டில் முடிந்துகொள்ளுங்கள். சாப்பாடு டீயும் வடையுமாகப் போகாமல், வீட்டிலிருந்து ஒரு தூக்கில் மோர்ச்சோறு, கூட சுண்டல். நடை வேண்டாம், எழுத வேண்டாம். காலண்டர் தாளை மட்டும் வெறுமனே குத்தி வையுங்கள், விட்ட நாள் எத்தனை என்று பிறகு தெரியும். இன்சுலின் எடுப்பவர்கள் களத்தில் வெயிலில் வைக்காதீர்கள். ஐஸ் பெட்டி இல்லாவிட்டால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், மருந்து நனையாமல் டப்பாவில் போட்டு நிழலில் வைக்கலாம். அறுப்பு முடிந்ததும் பழையபடி பத்து நிமிஷ நடையிலிருந்து தொடங்குங்கள், விட்ட இடத்திலிருந்து அல்ல.

மூன்று மாதம் முடிந்ததும் எச்பிஏ1சி திரும்ப எடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கண், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), கொழுப்பு. அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால் இவை அத்தனையும் இலவசமாக எடுக்கலாம். வெளியே போனாலும் இந்தப் பெயர்களை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பேக்கேஜ் வேண்டாம். புது ரிப்போர்ட்டை ஃபைலில் பழையதற்கு மேலே வைத்து, அந்த மாதத் தாள்களில் பிரஷர் எண் எழுதியவற்றை மட்டும் ஒரு கிளிப்பில் மாட்டி எடுத்துப் போங்கள். டாக்டர் உங்களுக்குக் கொடுக்கிற ஐந்து நிமிஷத்தில் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.